அவலூர்பேட்டைச் சாலையில் இருபத்து நாலு நட்டு

திருவண்ணாமலைக்குள் ஒன்பது சாலைகள் நுழைகின்றன. வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி. கார்த்திகை தீபம் நெருங்கினால் இந்தச் சாலைகளில் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். அதற்கு மேல் நடைதான். பத்திரிகைகளில் சிறப்பு ரயில் எத்தனை, சிறப்புப் பேருந்து எத்தனை என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் வராத போக்குவரத்து ஒன்றும் இந்தச் சாலைகளில் உண்டு. அரிசிச் சிப்பம், பூசணிக்காய், விறகு, அண்டா, வாழையிலைக் கட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அன்னதானத்துக்குப் போகிற டிராக்டர்கள். பின்னால் தார்ப்பாய் போர்த்திய டிரெய்லர்.

அப்படி ஒரு டிராக்டரில்தான் போனேன். அவலூர்பேட்டையைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். தேரோட்டத்துக்கு முந்தைய நாள், பெரியப்பா மகனோடு பயணம். அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், அதில் கோத்து இழுக்க நாலு சக்கர டிரெய்லர் ஒன்று. ஊரில் திரட்டுகிற அன்னதானச் சாமான்கள் வருஷாவருஷம் அவர் வண்டியில்தான் போகும். எனக்குக் கிடைத்த இடம் மட்கார்டு. மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது என்று டிராக்டரோடு தருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நம் பக்கம் அந்த வரியைப் படித்தவர்கள் மட்கார்டில் உட்கார்ந்துதான் படித்திருப்பார்கள்.

விடியற்காலை கிளம்புவதாகப் பேச்சு. அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே டிரெய்லரைப் பிடித்துக்கொண்டார். முதலில் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பால் சக்கரங்களைக் கழுவினார். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நிலமெல்லாம் சேறு. நாலு சக்கரத்திலும் ரிம் தெரியாத அளவுக்கு மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நாளைக்குப் போற வழியில மறுபடியும் சேறாகத்தானே போவுது, இப்ப எதுக்குணா?" என்றேன்.

"சேறு இருந்தா நட்டு இருக்குதா இல்லியான்னே தெரியாதுப்பா" என்றார்.

சக்கரத்துக்கு ஆறு நட்டு, மொத்தம் இருபத்து நாலு. கழுவி முடித்ததும் டார்ச்சை அடித்துக்கொண்டு குந்தினார். நட்டை விட, நட்டைச் சுற்றியிருந்த பெயிண்டைத்தான் உற்றுப் பார்த்தார். நட்டு இளகினால் ரிம் மெல்ல ஆடும். இரும்பும் இரும்பும் உரசிப் பொடி உதிரும். அந்தப் பொடி துருப்பிடித்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து, நட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் செம்பழுப்புக் கோடுகளாக ஓடும். எவ்வளவு கழுவினாலும் கறை போகாது. பின்பக்க இடது சக்கரத்தில் இரண்டு நட்டிலிருந்து அப்படிக் கோடு ஓடியிருந்தது. அந்தச் சக்கரத்தைத்தான் கொஞ்ச நாள் முன்பு கழற்றி, டயர் மாற்றி மாட்டியிருந்தார்கள்.

கழற்றி மாட்டிய சக்கரத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே பெயிண்ட், துரு, மண் என்று ஏதாவது கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கும். முறுக்கும்போது எல்லாம் இறுகிவிட்டது போலத்தான் இருக்கும். பாரத்தோடு ஓடும்போது அந்தத் துகள்கள் நசுங்கி உதிரும். முடியளவு இடைவெளி விழுந்தால் போதும், பிடி தளர்ந்துவிடும். நட்டை மரைதான் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது; பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கிறது. இழுப்பு போய்விட்டால் மரை ஒன்றும் செய்யாது. சக்கரம் சுற்றச் சுற்ற நட்டு தானே கழன்று வரும். அதனால்தான் சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பஞ்சர் கடைகளில் டயர் மாட்டிக் காசு வாங்கும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினால் எவ்வளவோ நல்லது. சொல்கிற கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அண்ணன் அந்தச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, முழுக்கக் கழற்றினார். ஹப் முகத்தையும் ரிம்மின் உள்பக்கத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு ஆறு நட்டையும் கையாலேயே கடைசி வரை ஏற்றினார். நட்டின் கூம்பு ரிம்மின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. பக்கத்து நட்டுக்குப் போகவே இல்லை. வரிசையாக முறுக்கினால் ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். பார்வைக்கு நேராக இருக்கும், ஓட்டத்தில் உதறும். ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு கடைசி முறுக்கு.

ஸ்பேனரில் அவர் பைப் சொருகவில்லை என்பதைக் கவனித்தேன். நாலடி பைப்பைச் சொருகி, அதன் நுனியில் ஏறி நின்று மிதிப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் பெரிய வீரம். அதிகம் முறுக்கினால் அதிகம் பத்திரம் என்று நம்புகிறார்கள். அளவுக்கு மேல் இழுபட்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதற்கு மேல் அதற்குப் பிடி கிடையாது. ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறினால் தலை தெறித்துவிடும். அளவு காட்டுகிற டார்க் ஸ்பேனர் வைத்திருக்கிற கிராமத்துப் பட்டறையை நான் கண்டதில்லை. அதனால் கையளவுதான் அளவு. பழகிய கையாக இருந்தால் சரி.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அண்ணன் மகளின் நெயில் பாலிஷை வாங்கி வந்து ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம்முக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டார். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். வெளிநாடுகளில் லாரிகளுக்கு இதற்கென்றே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் அம்புகள் விற்கிறார்கள். இரண்டு நட்டின் அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்; ஒன்று திரும்பியிருந்தால் டிரைவர் ஸ்பேனர் போடாமலே கண்டுபிடித்துவிடுவார். நெயில் பாலிஷ் அதை விட மலிவு. மகள்தான் சத்தம் போட்டாள்.

அடுத்தது டயர். கார், லாரி டயரெல்லாம் ஓடித் தேய்ந்து சாகும். டிரெய்லர் டயர் நின்று சாகும். அறுவடைக்குப் பத்து நாள், கரும்பு வெட்டுக்குப் பத்து நாள் என்று ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் வேப்பமரத்தடியில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கும். பட்டன் எல்லாம் புதிதாகவே இருக்கும். பக்கச் சுவரில் மட்டும் நூல் நூலாக வெடிப்பு விட்டிருக்கும். பாரம் ஏற்றி வெயிலில் ஓடும்போது அந்த வெடிப்பில்தான் டயர் போகும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. டிரெய்லரைப் பொறுத்தவரை அந்த விதியால் பாதிப் பயன்தான். பார்க்க வேண்டியது வயதை. பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாவது வாரத்தில் செய்த டயர். செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் டயரைத் திருப்பி இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. சில கடைகளில் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

காற்று எப்போதும் வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய பிறகு அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். குறைந்த காற்றோடு பாரம் இழுத்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்ந்தால் சூடு. சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் பிரியும். டயர் வெடித்ததற்கு வெயிலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காற்றுக் குறைவுதான் காரணம். அண்ணன் நாலு சக்கரத்துக்கும் காற்று பார்த்தார், ஸ்டெப்னிக்கும் பார்த்தார். ஸ்டெப்னிக்குக் காற்று பார்க்கிறவர்கள் நம் ஊரில் அபூர்வம்.

பிறகு கொக்கி. டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கிற பின், அதன் அடியில் மாட்டுகிற கிளிப், அதுவும் கழன்றால் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. கடைசியில் டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். டிராக்டருக்கு நாலு, டிரெய்லருக்கு நாலு. பல வீடுகளில் டிராக்டருக்கு மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கட்டைவண்டிக் காலத்துக்குப் போய்விட்டார். அப்போது சந்தைக்குக் கிளம்புகிறவர் மாட்டைப் பூட்டிய கையோடு இரண்டு பக்கமும் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டி மையை அச்சில் தடவுவார். அதற்குப் பிறகுதான் நுகத்தடியைத் தொட்டுக் கும்பிடுவது. டன்லப் டயர் போட்ட வண்டி வந்த பிறகு கடையாணியும் போயிற்று, தொட்டுப் பார்க்கிற வழக்கமும் போயிற்று என்றார். இந்த இடத்தில் திருவள்ளுவரை இழுக்காமல் தமிழில் கட்டுரை எழுதக் கூடாது என்று ஒரு சட்டமே இருக்கிறது. இந்த ஒருமுறை மீறுகிறேன்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். பாரத்தோடு டிராக்டர் மணிக்கு இருபது கிலோமீட்டர் போனால் பெரிது. அந்த வேகத்தில் ஊர் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. நாற்று நட்ட வயல், தண்ணீர் தளும்புகிற ஏரி, கரை மேல் பனைவரிசை. சாலையோரமாக மஞ்சள் வேட்டியும் சிவப்புச் சேலையுமாக நடந்து போகிறவர்கள் கையைக் காட்டினார்கள். ஏற்றிக்கொள்ளச் சொல்லித்தான். அண்ணன் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். டிரெய்லரில் ஆளை ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் சட்டத்துக்காக ஏற்றாமல் இருக்கவில்லை. "மூட்டை சரிஞ்சா தூக்கி வச்சிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சித்தகிரி முருகன் குன்று கண்ணில் பட்டதும் அவலூர்பேட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். கடைவீதி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். நான் டீ சொல்லப் போனேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். முதலில் ஒவ்வொரு ஹப்பிலும் உள்ளங்கையை வைத்தார். நாலும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாமல் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங்கே போய்விட்டது என்று பொருள். நாலும் சரியாக இருந்தன. பிறகு அந்தப் பின்பக்க இடது சக்கரம். சிவப்புக் கோடு எதுவும் உடையவில்லை. அப்படியும் ஸ்பேனரைப் போட்டார். நாலு நட்டு அசையவில்லை. இரண்டு நட்டு 'கிர்ர்' என்று முனகிக்கொண்டு கால் சுற்று உள்ளே போயின.

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கோடு உடையாமல் இருந்தும் கால் சுற்று போயிற்றே என்று கேட்டேன். நட்டு திரும்பவில்லை, ரிம்தான் ஹப்பில் இன்னும் கொஞ்சம் அமர்ந்திருக்கிறது. கோடு திரும்பினதைத்தான் காட்டும், அமர்ந்ததைக் காட்டாது என்றார். அப்படியானால் அந்த மஞ்சள் அம்பும் காட்டாது. இருபது முப்பது டன் இழுக்கிற லாரிக்காரர்கள் இந்த வித்தியாசத்தை எந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

அந்த இடத்திலிருந்து திருவண்ணாமலை வரை என் கண் சாலையில் இல்லை, பின்னால் வருகிற டிரெய்லர் மேல்தான். கார் ஓட்டும்போது முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பின் டயர் என்றால் வண்டி தத்தும். சக்கரம் உதறினால் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே தெரியும். டிரெய்லரில் நடக்கிற எதுவும் டிராக்டர் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் நட்டு கழன்று தார்ச்சாலையில் விழுகிற சத்தம் எங்கே கேட்கும்? நாலு சக்கரத்தில் ஒன்று பஞ்சராகிக் கிழிந்து ரிம்மில் ஓடினாலும், எதிரே வருகிற பைக்காரர் கையைக் காட்டிக் கத்தினால்தான் உண்டு. கரும்பு சீசனில் இரவு நேரங்களில் இந்தச் சாலைகளில் போகிறவர்களுக்குத் தெரியும்: தார்ச்சாலை நடுவே சாய்ந்து கிடக்கும் டிரெய்லர், பின்னால் விளக்கும் இல்லாமல் ரிஃப்ளெக்டரும் இல்லாமல், அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கொத்து. பின்னால் வருகிற பைக்குக்கு அந்த வேப்பங்கொத்து தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வெயில் ஏறும்போது மலை தெரிந்தது. 2,668 அடி என்பது கணக்கு. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே மலை தெரிந்துவிடும். கீழ்நாத்தூர் பக்கம் போலீஸ் தடுப்பு. அன்னதானக் கொட்டகைக்கு அனுமதிச் சீட்டு இருந்ததால் விட்டார்கள். சாமான்களை இறக்கி முடிக்கப் பகல் ஆகிவிட்டது. டிரெய்லரின் முன்னும் பின்னும் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு அண்ணன் தூங்கப் போனார்.

சாயங்காலம் நான் தேரடி வீதிக்கு நடந்தேன். ஆறாம் நாள் திருவிழா. காலையில் அறுபத்து மூவர் வலம் முடிந்திருந்தது, இரவுக்கு வெள்ளித் தேர். 217 அடி ராஜகோபுரத்துக்கு எதிரே மறுநாள் ஓடப்போகிற தேர்கள் துணியும் தோரணமுமாக நின்றன. விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து. ஆண்டு முழுவதும் மூடி வைத்திருந்து, விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் பிரித்து வெளியே காட்டுவார்கள். இவையும் நின்று நின்று வயதாகிற வண்டிகள்தான். கூட்டம் மேலே, கலசத்தையும் அலங்காரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பார்த்த வேலையின் பாதிப்பு, நான் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பெரிய தேருக்கு இரும்புச் சக்கரம், இரும்பு அச்சு. அலங்காரம் முடிந்த நிலையில் மகா ரதம் என்கிற இந்த அண்ணாமலையார் தேர் 59 அடி உயரம், 200 டன் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இத்தனை எடைக்கும் ஸ்டியரிங் கிடையாது, இன்ஜினும் கிடையாது.

இன்ஜின் மறுநாள் வந்தது. ஆயிரக்கணக்கில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இரும்புச் சங்கிலி. 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்ற சத்தத்தில் காது அடைத்தது. ஒரு தேர் மாட வீதியைச் சுற்றி நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். அதனால் காலையில் தொடங்குவது இரவு வெகுநேரம் வரை போகும். இடையிடையே கரும்பில் தொட்டில் கட்டி, குழந்தையைப் போட்டுத் தோளில் சுமந்து சுற்றுகிற தம்பதிகள். அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுத்தார்கள். சண்டிகேஸ்வரர் தேர் சிறுவர்களுடையது, வேகமும் அவர்களுடையதுதான்.

பெரிய தேர் என்னைக் கடந்தபோது நான் பார்த்தது சக்கரத்தோரம் நடந்த ஆட்களை. கையில் முட்டுக்கட்டை. சங்கிலி பிடித்திருக்கிற ஆயிரம் பேருக்கும் முதுகுப் பக்கம்தான் தேர். சக்கரம் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்க்கிறவர்கள் இந்தக் கட்டைக்காரர்கள் மட்டும்தான். தேர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டுமென்றால் இடது முன் சக்கரத்துக்குக் கட்டை. அது சற்றே தயங்கும், வலது சக்கரம் முந்தும், 200 டன்னும் அந்தக் கட்டையின் சொல் கேட்டுத் திரும்பும். நிறுத்துவதற்கும் அதே கட்டைதான். உருள்கிற சக்கரத்தடியில் கையை நீட்டிக் கட்டையைக் கொடுத்து, நசுங்குவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு திருப்பத்தில் ஒருவர் கட்டையைப் போட்டுவிட்டு நிமிராமல், குனிந்தபடியே அச்சின் நுனியைப் பார்த்துக்கொண்டு பத்தடி நடந்தார். எதைத் தேடினார் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் வழியில்லை.

இவ்வளவு பார்த்தும் தவறுகிறது. 2012-இல் இதே மாவட்டத்தில் ஆரணியில் தேர் சாய்ந்து உயிர்கள் போயின. 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே மாதேஅள்ளியில் காளியம்மன் கோயில் தேர் கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 31-ஆம் தேதி புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் தேர் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்பக்கமாகச் சாய்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் 11 பேர் பலியானது மின்கம்பியால். அதைச் சக்கரத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. இப்போது தேர் ஓடுவதற்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் அச்சையும் சக்கரத்தையும் பார்த்து உறுதிச் சான்று கொடுக்கிறார்கள். பெரிய பழுது பார்த்தால் அதற்கென்று வெள்ளோட்டம். திருவண்ணாமலை மகா ரதத்தைப் புதுப்பித்து, விழாவுக்கு முன்னதாக 2024 நவம்பரில் மாட வீதியில் வெள்ளோட்டம் விட்டார்கள். மாற்றிய பாகத்தோடு ஒரு சுற்று ஓட்டி, நிறுத்தி, மறுபடி பார்ப்பதுதான் வெள்ளோட்டத்தின் பயன். அவலூர்பேட்டை டீக்கடையில் அண்ணன் செய்ததும் அதுவே.

திருவாரூர் ஆழித்தேரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 96 அடி. 1920-களில் எரிந்து, புதிதாகச் செய்து 1930-இல் ஓடியது, 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றது. 1970-இல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு வந்தன. கொதிகலன் செய்கிற ஆலை தேருக்குப் பிரேக் செய்தது. அதற்குப் பிறகு வேறு பல கோயில் தேர்களுக்கும் அங்கிருந்து சக்கரமும் அச்சும் போயின. இழுபடுகிற வண்டிக்குத் தனியாக ஒரு பிரேக் வேண்டும் என்பதைக் கோயில்காரர்கள் அப்போதே ஒப்புக்கொண்டார்கள். நம் விவசாய டிரெய்லர்களில் எத்தனைக்கு இன்றைக்கும் சொந்தமாகப் பிரேக் இருக்கிறது? ஐந்து டன் பாரம் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, டிராக்டரின் இரண்டு பின் சக்கரங்களே எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

ஆண்டுக்கு ஒருநாள், நடைவேகத்தில், மாட வீதியைச் சுற்றுகிற தேருக்குப் பொறியாளர் சான்று உண்டு, வெள்ளோட்டம் உண்டு, சக்கரத்துக்குச் சக்கரம் ஆள் உண்டு. விவசாய டிரெய்லருக்கு எதுவும் இல்லை. லாரி மாதிரி அது தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போய் நிற்பதில்லை. விவசாயிக்கு இன்னொரு செலவும் அலைச்சலும் வேண்டாம் என்று கொடுத்த சலுகை அது. எனக்கும் அதில் மறுப்பில்லை. அறுவடைக்கு முன்பும் கார்த்திகைக்கு முன்பும் ஊராட்சிதோறும் ஒருநாள் முகாம் போட்டு, ஒரு மெக்கானிக்கையும் டார்க் ஸ்பேனரையும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கட்டையும் அனுப்பினாலே போதும். போக்குவரத்துத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்தால் இது பெரிய காரியமில்லை.

திரும்பி வரும்போது டிரெய்லர் காலி. காலி டிரெய்லர் இன்னும் மோசம்: பாரமில்லாமல் குதிக்கும், குதிக்கிற சக்கரத்தில் நட்டுக்குத்தான் அடி. அண்ணன் கொட்டகையில் ஒருமுறையும் அவலூர்பேட்டையில் ஒருமுறையும் ஸ்பேனர் போட்டார். ஒரு நட்டும் அசையவில்லை. ரிம் முழுக்க உட்கார்ந்துவிட்டது, இனிமேல் அடிக்கடி பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும் என்றார்.

இந்தக் கார்த்திகைக்கு டிராக்டரில் கிளம்புகிறவர்களுக்கு: டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். சமீபத்தில் கழற்றி மாட்டிய சக்கரம் இருந்தால், முதலில் வருகிற டீக்கடையில் ஸ்பேனரோடு இறங்குங்கள். டீ அப்புறம் குடிக்கலாம்.